ஷிகி எண்ணிய பூக்கள்

தோற்றவருக்கு ஒரு விதையையும், துவண்டவருக்கு ஒரு சூரியோதயத்தையும் எடுத்து நீட்டுவது நம் கவியரங்குகளுக்குப் பழகிப்போன வேலை. இருட்டினால் விடியும், உதிர்ந்தால் துளிர்க்கும். சரிதான். பிழைக்க வழியில்லை என்று தெரிந்துவிட்டவரிடம் அந்த உவமை எடுபடுமா?

ஜப்பானின் மசாவோகா ஷிகிக்குத் தாம் பிழைக்கமாட்டோம் என்பது தெரிந்திருந்தது. 1867இல் பிறந்து, ஹைக்கூவுக்குப் புதுவாழ்வு கொடுத்தவர். இருபத்தோரு வயதில் ரத்தம் கக்கினார். பிற்பாடு காசநோய் முதுகெலும்பைத் தின்றது. டோக்கியோவின் நெகிஷியில் ஒரு சின்ன வீட்டில் படுத்த படுக்கையானார். தாயும் தங்கையும்தான் பார்த்துக்கொண்டார்கள். வலி தாளாமல் 1901இல் தற்கொலை எண்ணம் வந்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

1899 டிசம்பரில் சீடர் தகஹாமா கியோஷி அந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுக்கொடுத்தார். குளிர் வராது, தோட்டம் தெரியும். மறு ஆண்டு அங்கே பூத்த கோழிக்கொண்டைப் பூவைப் பற்றி ஷிகி ஒரு ஹைக்கூ எழுதினார். ஏறக்குறைய எத்தனை பூ என்ற கணக்கைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. இதெல்லாம் கவிதையா என்று விமர்சகர்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டினார்கள். கியோஷியே தாம் தொகுத்த ஷிகியின் ஹைக்கூத் தொகுப்பில் அதைச் சேர்க்கவில்லை.

சேர்த்திருக்க வேண்டும். எழுந்துபோய்த் தொட்டு எண்ண முடியாதவர் படுத்தபடி போட்ட கணக்கு அது. பூ எந்த வாக்குறுதியும் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் எண்ணிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் வெறும் நோயாளி இல்லை. வசந்தம் வரும் என்கிற ஆறுதலைவிட இந்தத் தெம்பு நம்பகமானது.

பாரதியார் 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைத் தமிழருக்கு அறிமுகம் செய்தார். நாம் ஹைக்கூவின் மூன்று வரிகளை எடுத்துக்கொண்டோம். மூன்றாவது வரியில் நீதி சொருகும் பழக்கத்தைத்தான் விட்டபாடில்லை.

ஷிகியின் தோட்டத்தில் நுரைப்பீர்க்கும் படர்ந்திருந்தது. அதன் தண்டை வெட்டி வடிக்கும் நீர் சளிக்கு மருந்தாகக் கருதப்பட்டது. 1902 செப்டம்பர் 18 அன்று எழுதிய கடைசி மூன்று ஹைக்கூக்களிலும் அந்தக் கொடிதான் வருகிறது. சளி அடைத்துக் கிடக்கும் தன்னையே அவற்றில் கேலி செய்கிறார். மறுநாள் அதிகாலையில் இறந்தார். வயது 34.

அந்த ஆண்டு மே மாதம் முதல் ‘நிப்பொன்’ நாளிதழில் செடி, பழம், ஓவியம் என்று நாள்தோறும் ஒரு பத்தி எழுதிவந்தார். அவருக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று ஆசிரியர் குழு ஒருமுறை அதை நிறுத்தியது. காலையில் நாளிதழைப் பிரித்து அதைப் பார்ப்பதில்தான் தன் உயிரே இருக்கிறது என்று ஷிகி கடிதம் எழுதி மன்றாடினார். பத்தி மறுபடி வந்தது. செப்டம்பர் 17 வரை வந்தது.