கடேற் சின்னத்தில் குர்ஆன் வசனம் வேண்டுமா?



எங்கள் பாடசாலை கடேற் அணிக்குப் புதிதாக ஒரு தோள் சின்னமும் கொடியும் செய்யப் போகிறோம் என்று பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டோம். பிறை, நட்சத்திரம், மினாரா, விரித்த கிதாப், குறுக்கே இரண்டு வாள், சக்கரம், நெற்கதிர், அடியில் கல்வியைக் கேட்கும் குர்ஆன் துஆ என்று யோசனைகள் வந்து குவிந்தன. அத்தனையும் இரண்டரை அங்குலத் துணியில் வேண்டுமாம்!

இந்தச் சின்னக் கலை ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. இரும்புத் தொப்பிக்குள் முகம் மறைந்தவன் நம்மாளா எதிராளியா என்று தூரத்திலேயே தெரிய வேண்டியிருந்தது. அதனால்தான் அதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. மஞ்சளும் வெள்ளையும் ஒரு பக்கம், சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு மறுபக்கம். ஒரே பக்கத்து நிறங்களை ஒன்றின் மேல் ஒன்று வைக்கக்கூடாது. பச்சைக் கொடியில் நீலக் கிதாப் வைத்தால் மைதானத்தின் அடுத்த கரைக்குத் தெரியாது.

துஆ விடயத்தில்தான் எங்களோடு பலர் கோபித்துக்கொண்டார்கள். நபி (ஸல்) அவர்களின் மோதிரத்தில் எழுத்து இருந்ததே என்று கேட்கிறார்கள். இருந்தது. முத்திரை இல்லாத கடிதத்தை மன்னர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதால் செய்யப்பட்ட மோதிரம் அது. மூன்றே சொல், மூன்று வரி. உஸ்மான் (ரழி) காலத்தில் அது அரீஸ் கிணற்றில் விழுந்தபோது தண்ணீரை இறைத்து மூன்று நாள் தேடினார்கள். நம் பிள்ளையின் சட்டைக்கு என்ன நடக்கும்? ரன்தம்பே முகாமில் அதோடு மண்ணில் தவழ்வான், மலசலகூடம் போவான், காலுறையோடு சேர்த்து ஊறப்போடுவான். கிழிந்த பிறகு அது வீட்டில் தரை துடைக்கும் சீலை. வசனம் பிள்ளையின் நாவில் இருக்கட்டும்.

வாளையும் சக்கரத்தையும் எடுத்துவிட்டோம். பயந்தா என்று கேட்டால், கொஞ்சம் பயம்தான், மறைப்பதற்கில்லை. 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு சகோதரியின் உடுப்பிலிருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைது செய்த நாடு இது. ஆனாலும் தேசியக் கொடியில் சிங்கத்தின் கையிலேயே வாள் இருக்க, நம் பிள்ளையின் தோளில் மட்டும் அது வேறு பொருள் தருமென்று யோசிக்க வேண்டியிருப்பது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பிறையும் குர்ஆன், ஹதீஸில் நமக்கென்று சொல்லப்பட்ட சின்னமல்ல. நபியவர்களின் கொடி கறுப்பு என்றும் வெள்ளை என்றும்தான் ஹதீஸில் வருகிறது. உஸ்மானியர் கொடியில் இருந்த பிறை நம் பள்ளிவாசல் உச்சி வரை வந்துவிட்டது. பார்த்தவுடன் எல்லோருக்கும் விளங்குவதால் வைத்துக்கொண்டோம்.

இப்போதைக்கு முடிவு இதுதான்: தேசியக் கொடியில் நமக்குரிய பட்டியின் பச்சை. அதில் ஒரு வெள்ளைப் பிறை, ஊர் வயலின் ஒரு மஞ்சள் நெற்கதிர். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல்.

தையல்காரரிடம் மாதிரி கொடுத்திருக்கிறோம். வந்ததும் மைதானத்தின் அந்தக் கரையில் ஒரு பிள்ளையை நிறுத்திப் பார்ப்போம். தெரியாவிட்டால் பிறையையும் எடுத்துவிடுவோம்.