புள்ளிகளுக்கு எடை போடுவது யார்?



இயங்கலைப் புள்ளிப் பட்டியலில் புள்ளிகளை இட்டவுடன் மாணவரின் மொத்த விழுக்காடு தானாகவே வந்து நிற்கிறது. கணினி சொன்ன கணக்கு என்பதால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால், எந்தப் பகுதிக்கு எவ்வளவு எடைமதிப்பு என்பதைக் கணினி முடிவு செய்வதில்லை. ஆசிரியரே முடிவு செய்கிறார். அந்த முடிவு பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரை இந்தக் கவலை நமக்கு அதிகம் இருந்ததில்லை. பெருந்தொற்றால் 2020-இல் அத்தேர்வு நடைபெறவில்லை. 2021-இல் அது நீக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு அதன்பின் மேலும் கூடியது. டெலிமா தளத்தின்வழி கூகள் கிளாஸ்ரூமைப் பயன்படுத்தும் ஆசிரியர், இடுபணிகளை வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் எடைமதிப்பு வழங்கலாம். கூட்டுத்தொகை 100 ஆனால் போதும். அந்த நூறை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் நியாயம் அடங்கியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். எழுத்துக்கு 40, வாசிப்புக்கு 30, கேட்டல் பேச்சுக்கு 20, செயல்திட்டத்திற்கு 10 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி முறையே 70, 80, 90 புள்ளிகள் பெறுகிறாள். செயல்திட்டத்தை அனுப்பவில்லை. அவளுக்குக் கிடைப்பது 28+24+18, அதாவது 70 விழுக்காடு. அனுப்பாததைக் கணக்கில் சேர்க்காமல் 90-க்கு 70 என்று பார்த்தால் 77.8. மாறாக, செயல்திட்டத்திற்கு 30 வழங்கி, எழுத்தை 30 ஆகவும் வாசிப்பை 20 ஆகவும் குறைத்தால் அதே மாணவிக்கு 55 மட்டுமே! பிள்ளையின் தமிழ் மாறவில்லை. நம் எடைக்கல்தான் மாறியது.

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் கற்பிப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். செம்பனைத் தோட்டத்துக் குடும்பத்தில் இருக்கும் ஒரே கைப்பேசி அப்பாவுடன் வேலைக்குப் போய்விட்டால், வண்ணப்படம் அச்சிட்டு ஒட்ட வேண்டிய செயல்திட்டத்தைப் பிள்ளை எப்படிச் செய்யும்? அத்தகைய பணிக்கு அதிக எடைமதிப்பு வழங்கும்போது நாம் அளப்பது மொழித்திறனை அன்று, வீட்டு வசதியை.

எக்செல் பயன்படுத்துவோருக்கும் ஓர் எச்சரிக்கை. 'ஆவரேஜ்' வாய்பாடு காலியான கட்டத்தை விட்டுவிடும். எடைமதிப்புக்கு நாம் இடும் 'சம்ப்ராடக்ட்' வாய்பாடோ அதனைச் சுழியமாகவே கொள்ளும். மழையாலோ காய்ச்சலாலோ வராத பிள்ளை, ஒன்றும் அறியாத பிள்ளையாகப் பதிவாகிவிடும். 'வரவில்லை' என்பதும் 'தெரியவில்லை' என்பதும் ஒன்றல்லவே!

அடைவுநிலை 1 முதல் 6 வரையுள்ள எண்களையும் இப்படிக் கூட்டி வகுக்கக்கூடாது. அவை புள்ளிகள் அல்ல. பிள்ளை எதைச் செய்ய வல்லது என்பதைக் கூறும் படிநிலைகள். வாசிப்பில் 5, எழுத்தில் 3 பெற்ற பிள்ளையை '4' என்று எழுதிவிட்டால், எழுத்தில் உதவி தேவை என்ற செய்தி மறைந்துவிடும். ஆசிரியரின் தொழில்முறைத் தீர்ப்பே அங்கு வேண்டும்.

ஆகவே, எடைமதிப்பைத் தவணைத் தொடக்கத்திலேயே முடிவு செய்வோம்; புள்ளிகளைப் பார்த்த பிறகு மாற்ற வேண்டாம். வகுப்பில் நம் கண்முன் செய்யும் பணிகளுக்கே பெரும்பங்கு வழங்குவோம். வராத பிள்ளைக்குச் சுழியம் இடும் முன் மறுவாய்ப்பு வழங்குவோம். பங்கீட்டை ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கூட்டத்தில் வழங்குவோம்.

பெற்றோர்களே, தேர்ச்சி அறிக்கையைப் பெறும்போது, "என் பிள்ளை எத்தனை விழுக்காடு?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "அது எவற்றால் ஆனது, ஆசிரியரே?" என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாங்கள்.