வருமானம் இல்லாவிட்டாலும் வரிப் பத்திரம்



கனடாவுக்குக் குடிபெயர்ந்த எமது பெண்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "எனக்குத்தான் உழைப்பில்லையே, நான் ஏன் வரிப் பத்திரம் நிரப்ப வேண்டும்? அவர் தன்னுடையதை அனுப்பினால் போதாதா?"

போதாது. அந்நாட்டில் வருமான வரி விபரத்திரட்டு என்பது அரசுக்குப் பணம் கட்டுவதற்கான கடதாசி மாத்திரமல்ல. அரசு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தரவேண்டியதைப் பெறுவதற்கான கடதாசியும் அதுவே.

கனடாவின் வரி வருடம் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. பத்திரத்தை மறு வருடம் ஏப்ரல் 30 இற்குள் அனுப்ப வேண்டும். முதல் வருடப் பத்திரத்தில் நீங்கள் அங்கு குடியேறிய திகதியைக் குறிப்பிடுவது அவசியம். அதற்கு முன் ஊரில் உழைத்ததற்குக் கனடா வரி கேட்பதில்லை. எனினும், கொடுப்பனவுகளைக் கணக்கிடுவதற்காக அத்தொகையைக் கேட்பார்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு பொதுவாகத் தாயின் பெயருக்கே வழங்கப்படுகிறது. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் தகுதி கிடைத்தவுடனேயே ஆர்.சி. 66 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அது தொடர்ந்து கிடைப்பதற்கு ஒவ்வொரு வருடமும் கணவனும் மனைவியும் தனித்தனியே பத்திரம் அனுப்ப வேண்டும். ஒருவர் தவறினாலும் கொடுப்பனவு நின்றுபோகலாம். அப்பணம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வரட்டும்.

குடும்ப நிலை பற்றிய கேள்வியில் பலர் தடுமாறுகிறார்கள். கணவர் இன்னும் ஊரில் இருக்கிறார் என்பதற்காக "பிரிந்து வாழ்பவர்" என்று எழுதக் கூடாது. உறவு முறிந்து, குறைந்தது 90 நாட்கள் தனியாக வாழ்ந்தால்தான் வரித் திணைக்களம் அதைப் பிரிவாகக் கொள்ளும். பிழையாக எழுதிப் பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்ட நேரிடும். குடிவரவுப் பத்திரங்களில் சொன்னதும் வரிப் பத்திரத்தில் சொல்வதும் ஒன்றாக இருக்கட்டும்.

இன்னும் புறப்படாத சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெயரில் காணி இருந்தால், பயணத்தை ஒட்டிய காலத்தில் அதன் பெறுமதியை ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் பெற்று, உறுதியின் பிரதியோடு வைத்திருங்கள். கனடாவில் வசிக்கும்போது அக்காணியை விற்க நேர்ந்தால், குடியேறிய நாளில் இருந்த பெறுமதிக்கு மேல் கிடைத்த இலாபமே வரிக்கணக்கில் சேரும். அந்தப் பெறுமதிக்கு ஆதாரம் இல்லாவிட்டால் சிரமப்படுவது நீங்கள்தான்.

உணவகங்களிலும் வீடுகளிலும் கையிலே காசு வாங்கி வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அக்காசையும் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்பதே சட்டம். காட்டாத உழைப்பு ஓய்வூதியக் கணக்கில் சேராது. நாளை தாய் தந்தையரை அழைப்பதற்கு அனுசரணை செய்ய முன்வந்தால், தொடர்ந்து மூன்று வரி வருடங்களின் வருமானத்தைக் காட்டச் சொல்வார்கள். மாடாய் உழைத்தும், கடதாசியில் உழைக்காதவளாக நிற்க வேண்டிவரும். அந்த நட்டம் ஊரில் காத்திருக்கும் தாய்க்கும் சேர்த்துத்தான்.

குறைந்த வருமானமுடையவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாகப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கும் இடங்கள் அங்கு பல உண்டு. யார் நிரப்பினாலும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டறிந்து ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். ஆவணங்களை ஆறு வருடங்கள் வைத்திருக்க வேண்டும்.

இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் குடும்ப அட்டையையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் பையில் சுற்றிக் காப்பாற்றியவர்கள் எமது பெண்கள். கடதாசியின் பெறுமதியை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்திரம் அனுப்பிய பின் வரும் மதிப்பீட்டு அறிவித்தலையும் அதே கவனத்தோடு பத்திரப்படுத்துங்கள். அது உங்கள் பெயருக்கு வந்த கடிதம். கணவர் வீட்டிலில்லை என்று பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள்.