படம் திறக்கவில்லை என்றால் மென்பொருளைத் திட்டாதீர்கள்



பழைய பள்ளிக் குழுப்படம், தாத்தா பாட்டி படம் என்று சரிசெய்ய உட்காருகிறீர்கள். படம் திறக்கவில்லை என்றதும் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுகிறீர்கள். என் கருத்து: முதலில் பார்க்க வேண்டியது மென்பொருளை அல்ல, கோப்பை.

2017 முதல் ஐபோன்கள் படங்களை ஹெச்.இ.ஐ.சி. வடிவில் சேமிக்கின்றன. பழைய மென்பொருள்களுக்கு அது புரியாது. கோப்பின் பெயரில் மட்டும் ஜேபிஜி என்று மாற்றிப் பயனில்லை. சட்டையை மாற்றினால் ஆள் மாறுவாரா? முறையாக ஜேபெக் வடிவுக்கு மாற்றித் திறங்கள்.

படம் திறந்தும் மங்கலாக இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் வந்ததா என்று பாருங்கள். அது சுருக்கித்தான் அனுப்பும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மூலப்படத்தில் கை வைக்காதீர்கள். நகல் எடுத்து அதில் திருத்துங்கள். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நுணுக்கம் போய்விடும். போனது திரும்ப வராது. அந்தப் படங்களில் இருப்பவர்களில் பலரை இனி நாம் படம் எடுக்கவே முடியாது.