வைகை வெள்ளமும் ஒரு பிஹெச்.டி. கேள்வியும்

“இன்னும் அஞ்சு வருஷம் படிப்பா?”

கோச்சடையில் எம்.எஸ்ஸி. முடித்த பிள்ளை இருக்கிற வீடு என்றால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அதிலும் பிள்ளை சொல்கிற துறை ‘நியூரோ இம்யூனாலஜி’ என்றால் கேட்கவே வேண்டாம். நரம்பு மண்டலமும் நோய் எதிர்ப்பு மண்டலமும் எப்படிப் பேசிக்கொள்கின்றன, எப்போது மோதிக்கொள்கின்றன என்று பார்க்கும் படிப்பு அது. “அதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்று அப்பத்தா கேட்டால், பதிலுக்கு அமெரிக்கா போக வேண்டாம். வைகையைத் தாண்டி அண்ணா நகர் போனால் போதும்.

1993 கடைசியில் மதுரை வட்டாரத்தில் பெருமழை, வெள்ளம். தண்ணீர் வடிந்த பிறகு, அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒரே மாதிரியான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். கண் சிவப்பு, மங்கல், கண்ணுக்குள்ளே அழற்சி. மருத்துவர்கள் இதை ‘யுவைடிஸ்’ என்பார்கள். டாக்டர் எஸ்.ஆர்.ரத்தினம் உள்ளிட்ட குழு துருவிப் பார்த்ததில் அகப்பட்டது, எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா. எலி, மாடுகளின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கால் வைத்தால், தோலில் உள்ள சிறு காயம் வழியாகவே உள்ளே போய்விடும். 73 நோயாளிகள் பற்றிய அந்த ஆய்வு 1997-ல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆப்தால்மாலஜி’யில் வந்தது.

காய்ச்சல் போய் வாரங்கள், மாதங்கள் கழித்து கண் ஏன் கெடுகிறது? குதிரைகளுக்கும் இதே கிருமியால் கண் நோய் வரும். கிருமியை எதிர்க்க உருவான ஆன்டிபாடிகள், அவற்றின் விழித்திரைப் புரதங்களிலும் போய் ஒட்டுவதைக் கண்டிருக்கிறார்கள். எதிரியைத் தேடி வந்த காவல்காரர், வீட்டுக்காரரையே அடிக்கிற கதை. விழித்திரை சாதாரணச் சதை அல்ல. கருவில் மூளையிலிருந்து கிளைத்து வளர்வது, அதாவது நரம்புத் திசு. போனால் திரும்ப முளைக்காது. அதனால்தான் கண்ணுக்குள் எதிர்ப்புச் சக்தியை உடம்பே அடக்கி வைத்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு உடைந்தால் பார்வைக்கே ஆபத்து. (மழைத்தண்ணீரில் நடந்து, காய்ச்சலும் வந்து, பிறகு கண் சிவந்தால் ‘மெட்ராஸ் ஐ’தான் என்று மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்குவது சரிவராது.)

பிஹெச்.டி. மாணவர் இந்த எல்லையில்தான் நிற்கிறார். நரம்பியல், எதிர்ப்பியல் இரண்டையும் அடிப்படையிலிருந்து படிக்க வேண்டும். செல்களை வளர்க்கவும், வகை பிரித்து எண்ணவும் பழக வேண்டும். எலியைத் தொடுவதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஆறு மாத உழைப்பு ஒரே நாளில் கெட்டுப்போவதும் உண்டு. பாடநூலும் நிலையாக நிற்காது: மூளையைச் சுற்றி நிணநீர்க் குழாய்களே இல்லை என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 2015-ல் எலிகளில் அவை இருப்பதைத் தெளிவாகக் காட்டிவிட்டார்கள்.

சரி, சோறு? நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து மதிப்பீட்டில் தேறினால் 42,000. வாடகைப்படி தனி. பணம் சில நேரம் தாமதமாக வரும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சேரும் முன் வழிகாட்டியின் பெயரை மட்டும் பார்க்காமல், அவரிடம் படித்து முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று அந்த ஆய்வகத்து சீனியரிடம் ஒரு டீ சாப்பிட்டபடி கேட்டுக்கொள்ளலாம்.