தீவக முதியோரும் பார்க்கின்சன் நோயும்: பயிற்சி வீட்டுக்கு வரவேண்டும்

கிளினிக் நாளில் அப்பா காலை ஆறு மணிக்குக் குளிசை போடுகிறார். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலக் கடற்பயணம். அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம். இலக்கம் எடுத்து வாங்கில் உட்காரும்போது பத்து மணி ஆகிவிடும். அதற்குள் குளிசையின் வேலை முடிந்துவிடுகிறது. பெயர் கூப்பிடும்போது அவரால் எழும்ப முடிவதில்லை. "காலமை நல்லா நடந்தவர்" என்று அம்மா சொல்வதை யார் நம்புவார்கள்?

நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்சன் நோயை 1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தார். அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் மூளைக் கலங்கள் அழிவதால் இது வருகிறது. 2019இல் உலகில் 85 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு இந்நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பொதுவாக முதுமையில் வரும் நோய் இது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் 12.4 சதவீதம். அந்த வீதம் ஏறிக்கொண்டே போகிறது.

லெவோடோபா என்ற மருந்து டோபமின் குறைபாட்டை ஈடுசெய்கிறது. ஆனால் நோய் முற்ற முற்ற ஒரு குளிசை சில மணித்தியாலங்களுக்கே தாங்கும். உடல் இலகுவாக இருக்கும் அந்த நேரத்தில்தான் பயிற்சி செய்ய வேண்டும். நடையும் சமநிலையும் கெடாமல் காப்பதில் அன்றாடப் பயிற்சிக்குப் பெரும் பங்குண்டு. 'பிக்' எனப்படும் பயிற்சி முறையில் வாரம் நான்கு நாள் வீதம் நான்கு வாரங்களுக்கு, பெரிய அசைவுகளையே திரும்பத் திரும்பச் செய்விப்பார்கள். இந்நோயாளரின் அசைவு தானாகவே சிறுத்துப்போகும். ஆனால் தாம் சரியாகவே நடப்பதாக அவர்களுக்குத் தோன்றும். அதனால்தான் பெரிதாக அசையப் பழக்குகிறார்கள்.

இப்போது தீவகத்தை இதில் வைத்துப் பாருங்கள். ஊர்காவற்றுறைக்குத் தரைவழிப் பாதை உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடல்தான் வழி. சோளகம் பெயர்ந்தால் படகே நிச்சயமில்லை. வாரம் நான்கு நாள் பயிற்சிக்கு அங்கிருந்து யார் வந்துபோக முடியும்? வந்தாலும், உடல் வசப்படும் அந்தச் சில மணித்தியாலங்களைப் பயணமே தின்றுவிடுகிறது. பயிற்சி நடக்க வேண்டிய இடம் வீடுதான்.

அப்பாவுக்கு இயன்மருத்துவர் ஒருவர் ஒரேயொரு தடவை அரை மணித்தியாலம் காட்டித் தந்தார். அதை வைத்துத்தான் அம்மா இரண்டு வருடமாகச் சமாளிக்கிறா. குளிசை போட்டு முக்கால் மணித்தியாலத்தில் தொடங்குவார்கள். கைபிடியுள்ள கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் குனிந்து, மூன்று எண்ணி எழும்புவார். எழும்பியதும் தலைசுற்று இல்லையென்று பார்த்த பிறகே அடி வைப்பார். விறாந்தை நிலத்தில் வெள்ளைக் கோடுகள் கீறியிருக்கிறோம். கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் பெரிதாக வருகிறது. திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் வளைந்து திரும்புவார்.

வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டால் முன்பு கையைப் பிடித்து இழுப்போம். அது பிழை, விழுத்திவிடும். இப்போது அம்மா பக்கத்தில் சற்றுப் பின்னால் நின்று, "இஞ்சருங்கோ, நில்லுங்கோ. இடப்பக்கம், வலப்பக்கம் சாயுங்கோ. இப்ப பெரிசா ஒரு அடி வையுங்கோ" என்கிறா. அதோடு கால் பெயர்கிறது. எண்ணும் குரலும் தாளமும் கோடும் மூளைக்கு மாற்றுவழி காட்டுகின்றன.

ஆனால் அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது. அப்பா சரிந்தால் அவவால் தாங்க முடியாது. தாங்கக்கூடிய கைகள் தீவகத்தில் இல்லாமற்போனதற்கு நோய் காரணமில்லை. 1990களின் தொடக்கத்தில் தீவகம் இராணுவத்தின் வசமானபோது சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தது. அவர்களில் பலர் திரும்பவேயில்லை. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இரண்டு முதியவர்கள்தான் இங்கே பல வீடுகளில் மிச்சம்.

2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டைப் பற்றி எல்லோரும் பேசினோம். அது நியாயம். அதன்பின் வைத்தியர்கள் வெளியேறியதையும் பேசினோம். பயிற்சி என்ற மற்றப் பாதிச் சிகிச்சையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. குளிசை கிடைத்துவிட்டால் கவனிப்பு முடிந்துவிட்டதாகக் கணக்கு எழுதப்படுகிறது.

இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. மாதம் ஒரு தடவை ஓர் இயன்மருத்துவர் தீவுகளுக்கு வந்து, வீட்டில் நோயாளரைப் பார்த்து, வீட்டாருக்குப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தால் போதும். அவர் வராத நாட்களில் கவனிக்க, ஊரிலேயே இருக்கும் இளையோர் இருவர் மூவருக்குப் பயிற்சியும் கொடுப்பனவும் வழங்கலாம். வாதம் வந்தவர்களுக்கும், போரில் கால் இழந்த முதியோருக்கும் அதே ஆட்கள் உதவலாம். கிளினிக்கில் தீவக நோயாளருக்கு, படகு நேரத்தையும் குளிசை நேரத்தையும் பார்த்து முன்னுரிமை இலக்கம் கொடுக்கலாம். மாகாண சுகாதாரத் திணைக்களமும் பிரதேச செயலகங்களும் மனம் வைத்தால் முடியாத காரியங்கள் அல்ல இவை.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒன்று. காசு அனுப்புகிறீர்கள், நன்றி. பயிற்சி நேரத்தில் வீடியோ அழைப்பிலும் வாருங்கள். இங்கே காலை எட்டு மணி என்றால் கோடைகாலத்தில் ரொறன்ரோவில் முந்திய இரவு பத்தரை. என் தங்கை படுக்கப்போகும் முன் அங்கிருந்து "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணுகிறாள். அப்பா அந்த எண்ணுக்கு அடி வைக்கிறார். அந்த நேரம் அம்மா பக்கத்தில் நின்று அவரைப் பிடிக்க மட்டுமே வேண்டியிருக்கிறது.