'டக்... டக்...' சத்தம் கேட்டதா?

என் மாமியார் உயிரோடு இருந்தபோது எடுத்த போட்டோக்கள், மகளின் காதுகுத்து வீடியோ எல்லாமே எங்க வீட்டு கம்ப்யூட்டரில்தான் இருந்தன. போன மாதம் அது 'டக்... டக்...' என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. என் கணவர் விடாமல் நாலைந்து தடவை ஆன் செய்தார். தெருமுனைக் கடைப் பையனோ ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் திறந்தே பார்த்துவிட்டான்.

கடைசியில் கோவைக்குக் கொண்டு போனோம். "சத்தம் வந்ததுமே நிறுத்தியிருந்தா மீட்க வாய்ப்பு இருந்திருக்கும்மா. திரும்பத் திரும்ப ஓட்டியதில் உள்ளே இருக்கிற தகடு கீறிப்போச்சு. தூசியே இல்லாத அறையில்தான் இதைத் திறக்கணும்" என்றார்கள்.

2003-ல் கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியா விண்கலம் சிதறி விழுந்தது. அதில் கிடைத்த ஹார்டு டிஸ்க் கருகியிருந்தும், தகவல் பதிந்திருந்த பகுதியில் தகடு சேதமாகாததால் பெரும்பகுதி தகவலை மீட்டார்கள். நெருப்பில் விழுந்தது பிழைத்தது; எங்க அவசரத்தில் எங்களுடையது போச்சு!

பீரோவுக்கே ரெண்டு சாவி வைத்திருக்கிறோம். போட்டோவுக்கு மட்டும் ஒரே பெட்டியா? இன்னொரு பிரதி எடுத்து அம்மா வீட்டில் வையுங்கள். 'அது அவர் சமாச்சாரம்' என்று நான் இருந்தது போல நீங்களும் இருந்துவிடாதீர்கள், தோழிகளே!

- ஒரு இல்லத்தரசி, நாமக்கல்.